அஸ்-ஸஹ்ராவி முதல் உத்வாடியா வரை: சிறுதுளைச் சத்திரசிகிச்சையின் வழித்தடம்

மலர்க் குழுவினர் என்னிடம் ஒப்படைத்த பணி இது. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் கதை நம் ஊரார் அறிந்தது. அதன் பெயருக்குரிய பெருந்தலைவர் அஷ்ரபைப் பற்றியும் எழுதப் பலர் உள்ளனர். நான் பழைய கிதாபுகளின் பக்கம் போகிறேன்.

வயிற்றைக் கிழிக்காமல் சில சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுப்பதை மேல்நாட்டாரின் புதுக் கண்டுபிடிப்பென்றே நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். ஆனால் அதன் பின்னுள்ள எண்ணம் பழையது. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவி (936–1013) எழுதிய 'அத்-தஸ்ரீப்' 30 பாகங்களைக் கொண்டது. கடைசிப் பாகம் முழுவதும் சத்திரசிகிச்சை. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் உண்டு. சிறுநீர்வழியில் கல் சிக்கியவனுக்கு அவர் எடுத்த எடுப்பில் கத்தியை வைக்கச் சொல்லவில்லை. கல் பின்னால் நழுவாதபடி நூலால் கட்டி, கூர்முனை கொண்ட மெல்லிய உருக்குக் கம்பியை உள்ளே செலுத்தி, மெல்லச் சுழற்றிக் கல்லைத் துளைக்கச் சொல்கிறார். பிறகு வெளியிலிருந்து விரலால் நசுக்கினால் துண்டுகள் சிறுநீரோடு போய்விடும். ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்தில் அம்மார் அல்-மவ்ஸிலி, உள்ளே துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுத்தார். உடலுக்கு மிகக் குறைந்த காயம் என்ற எண்ணம் அன்றே நம் முன்னோரிடம் இருந்தது.

அஸ்-ஸஹ்ராவி இன்னொன்றையும் பதிந்திருக்கிறார். உடற்கூறு அறியாத ஒரு வைத்தியன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுக்கப்போய் நாடியை வெட்டினான். அவள் இரத்தம் கொட்டி இறந்தாள். அறியாமல் வைத்தியம் செய்பவனே அதன் தீங்குக்குப் பொறுப்பு என்னும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. ஓர் உயிரைக் காப்பதன் மகத்துவத்தை அல்-மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் சொல்லும். இவ்விரண்டையும் சேர்த்தே ஓத வேண்டும்.

பின்வந்தவர்களின் பாதையும் சுலபமாக இருக்கவில்லை. ஜெர்மனியில் 1980இல் குர்ட் ஸெம், சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்க உதவும் லெப்பரஸ்கோப் மூலம் குடல்வாலை அகற்றியபோது சகவைத்தியர்களே சீறினார்கள். 1985இல் அதே முறையில் பித்தப்பையை எடுத்த எரிக் மூஹேயையும் முதலில் யாரும் ஏற்கவில்லை. 1992இல்தான் ஜெர்மன் சத்திரசிகிச்சைச் சங்கம் அவரைக் கௌரவித்தது.

நம் பக்கத்து நாட்டில் இந்த விளக்கை ஏற்றியவர் மும்பாய் பார்சி வைத்தியர் தெஹெம்டன் உத்வாடியா. ஸ்கேன் வசதி எட்டாத 1970களிலேயே, வயிற்றுக் காசநோய் போன்றவற்றை லெப்பரஸ்கோப்பால் நேரே பார்த்துக் கண்டறிந்தார். 1990இல் ஜே.ஜே. அரச வைத்தியசாலையில் இந்தியாவின் முதல் லெப்பரஸ்கோப்பிப் பித்தப்பைச் சத்திரசிகிச்சையைச் செய்தார். இது பணக்காரருக்கான ஆடம்பரம் என்றவர்களை அவர் ஏற்கவில்லை; விரைவில் வேலைக்குத் திரும்பவேண்டிய ஏழைக்கே இது அதிகம் தேவை என்று வாதிட்டார். தமிழருள் கோயம்புத்தூர் பழனிவேலு பெயர் பெற்றவர். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சறைத் துளைகள் வழியே உணவுக்குழாய்ப் புற்றை அகற்றிய அனுபவத்தை 2006இல் வெளியிட்டு உலகச் சத்திரசிகிச்சையாளரைத் திரும்பிப் பார்க்கவைத்தார்.

உத்வாடியாவின் வாதம் கரைவலை இழுக்கும் நம் சகோதரருக்கும் மருதமுனை நெசவாளருக்கும் அப்படியே பொருந்தும். வயிற்றில் நீண்ட தையலோடு வலை இழுக்க முடியுமா? ஆகவே மருத்துவ பீடங்களில் பயிலும் நம் தம்பி, தங்கைமாரே, இத்துறையைத் தேர்ந்து படியுங்கள். படித்தபின் கொழும்பில் தங்கிவிடாமல் இந்தக் கரைக்கு வாருங்கள்.