அபராதம் விதிப்பவரே நீதிபதியானால்

லண்டன் மேஃபேர் பகுதியில் 1958 ஜூலையில் பிரிட்டனின் முதல் பார்க்கிங் மீட்டர்கள் நடப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் டிராஃபிக் வார்டன்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் தடை செய்த இடத்தில் வண்டியை நிறுத்துவது குற்றம். வார்டன் காவல்துறையின் ஆள். டிக்கெட்டை ஏற்க மறுப்பவர் மாஜிஸ்திரேட் முன் போய் வழக்காடலாம். அபராதத் தொகையால் கவுன்சிலுக்கு லாபம் எதுவும் இல்லை. வண்டிகள் பெருகின, காவல்துறைக்கோ இதைவிட அவசரமான வேலைகள் இருந்தன. ஆகவே 1991ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பெரும்பாலான பார்க்கிங் மீறல்களைக் குற்றவியலிலிருந்து எடுத்து, கவுன்சில்களின் கையில் கொடுக்க வழி செய்தது. 1994க்குள் லண்டன் முழுவதும் இந்த முறை வந்துவிட்டது. ஆள் வைப்பது கவுன்சில், டிக்கெட் ஒட்டுவது கவுன்சில், முதல் ஆட்சேபத்தைப் படித்து முடிவு சொல்வதும் கவுன்சில், பணமும் கவுன்சிலுக்கே. இப்படி ஓர் ஏற்பாட்டை நியாயமானது என்று சொல்ல எனக்குத் தெரிந்து ஒரே ஆதாரம்தான் உண்டு: அதே சட்டம் ஏற்படுத்திய சுயேச்சையான மேல்முறையீடு. அதை ஒரு சலுகையாகப் பார்ப்பது தவறு. கவுன்சிலுக்குக் கொடுத்த அதிகாரத்தின் விலையே அதுதான்.

அந்த மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் செலவைக் கவுன்சில்கள்தானே ஏற்கின்றன, அங்கே எப்படி நியாயம் கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். இதற்குப் பதில் 2006இல் உயர் நீதிமன்றம் வரை போன, லண்டனின் பார்னெட் கவுன்சிலின் வழக்கில் இருக்கிறது. மீறல் நடந்த தேதி, அபராத அறிவிப்பை, அதாவது டிக்கெட்டை, வழங்கிய தேதி இரண்டும் அறிவிப்பில் இருக்க வேண்டும். பார்னெட்டின் தாளில் இரண்டாவது தேதி முறையாக இல்லை. தீர்ப்பாளர் வண்டிக்காரர் பக்கம் தீர்த்தார். நீதிமன்றப் படியேறியது கவுன்சில்தான். இரண்டும் ஒரே நாள்தானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அதன் வாதம். நீதிபதி ஜாக்சன் ஏற்கவில்லை. யாருக்கும் பாதிப்பு இருந்ததா என்பது கேள்வியே அல்ல, சட்டம் கேட்கும் எளிய நிபந்தனைகளை நிறைவேற்றாவிட்டால் பணம் கேட்கும் உரிமையே பிறக்காது என்றார். பாதித் தொகை கட்டுவதற்கான 14 நாளும், முழுத் தொகைக்கான 28 நாளும் அறிவிப்பின் தேதியிலிருந்துதான் ஓடுகின்றன. அந்தத் தேதி இல்லாத தாளை வைத்துக்கொண்டு கெடு எப்போது முடிகிறது என்று யார் சொல்வது? சாமானியர் ஒரு நாள் தாமதித்தால் பாதித் தொகை முழுத் தொகையாகிறது. அவ்வளவு கறாராக இருக்கும் கவுன்சில் தன் தாளில் மட்டும் தளர்வு கேட்பது முறையல்ல.

தவறு செய்தவர்கள் நுணுக்கம் பேசித் தப்பிக்கிறார்கள் என்பது இன்னொரு ஆட்சேபம். சிலர் தப்பிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வருமானம் பார்க்கும் கைக்கு வெளியிலிருந்து கடிவாளம் வேண்டும் என்பதற்கும் பார்னெட்டே சாட்சி. அங்கே 2011இல் குடியிருப்போருக்கான முதல் பெர்மிட் 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்ந்தது. உபரி ஈட்டி மற்றப் போக்குவரத்துச் செலவுகளுக்குப் பயன்படுத்தவே இந்த உயர்வு, பார்க்கிங் சட்டம் வரி விதிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை என்று 2013இல் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது.

என் மனக்குறை அந்த 14 நாள் பாதித் தொகை மீதுதான். விரைவில் கட்டுபவருக்கு இது ஊக்கம் என்கிறார்கள். தீர்ப்பாயம் வரை போகிறவர் தோற்றால் பெரும்பாலும் முழுத் தொகையும் கட்ட வேண்டும். நியாயம் தன் பக்கம் இருந்தும் அந்தப் பயத்தில் பணத்தைக் கட்டிவிடுபவர் எந்தத் தீர்ப்பாளர் முன்னும் வருவதில்லை. ஆகவே டிக்கெட் கைக்கு வந்ததும் தேதியையும் இடத்தையும் மீறலின் விவரத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யக் கட்டணம் இல்லை. பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு அதோடு முடிந்துவிடும்.