லீல் நகரத்து ஊறல் தொட்டிகள்

1850-களில் பிரான்சின் வட பகுதியில் சாராயத் தொழில் திடீரென்று செழித்தது. திராட்சைத் தோட்டங்களைச் சாம்பல் நோய் அழித்துக்கொண்டிருந்ததால் திராட்சையிலிருந்து வடிக்கும் சாராயம் அரிதாகிவிட்டது. நெப்போலியன் காலம் தொட்டுச் சர்க்கரைக்காகப் பயிரிட்டுவந்த பீட் கிழங்குக்கு அப்போது யோகம் அடித்தது. கிழங்குச் சாற்றைத் தொட்டிகளில் ஊறவைத்து, நுரைத்து அடங்கியதும் காய்ச்சி வடித்தார்கள்.

1856-ல் லீல் நகரத்து ஆலை முதலாளி பீகோவின் தொட்டிகள் சில கெட்டுப்போயின. சாராயம் தர வேண்டிய ஊறல் புளித்துக் கிடந்தது. அவருடைய மகன் உள்ளூர் அறிவியல் கல்லூரியின் மாணவன். அங்கே முதல்வராக இருந்தவர் வேதியியலாளர் லூயி பாஸ்டர். பீகோ அவரிடம் உதவி கேட்டுப் போனார்.

பாஸ்டர் ஊறலைச் சொட்டுச் சொட்டாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள் மொட்டுவிட்டுப் பெருகிக்கொண்டிருந்தன. கெட்ட ஊறலில் இருந்ததோ லாக்டிக் அமிலம். ஈஸ்ட்டைவிட மிகச் சிறிய வேறொரு நுண்ணுயிர்தான் அதை உண்டாக்குகிறது என்று 1857-ல் அறிவித்தார். நொதித்தல் வெறும் வேதிச் சிதைவு என்று ஜெர்மனியின் வேதியியலாளர் லீபிக் உறுதியாக வாதிட்டுவந்த காலம் அது.

அடுத்த வியப்பு 1861-ல் வந்தது. கெட்ட வெண்ணெயின் வாடைக்குக் காரணமான பியூட்டிரிக் அமிலம் உருவாவதை பாஸ்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டின் கீழே ஒரு சொட்டு. காற்றுப்படும் விளிம்பில் நுண்ணுயிர்கள் அசைவற்றுக் கிடந்தன. நடுவே இருந்தவை சுறுசுறுப்பாகத் திரிந்தன. உயிருக்கு ஆதாரம் என்று எல்லோரும் நம்பிய ஆக்சிஜன் இவற்றுக்கு நஞ்சாக இருந்தது!

ஈஸ்ட்டோ இரண்டு விதமாகவும் வாழ்ந்தது. காற்று கொடுத்தால் கொஞ்சம் சர்க்கரையிலேயே செழித்துப் பெருகியது. காற்றைத் தடுத்தால் ஏராளமான சர்க்கரையைத் தின்றும் சொற்பமாகவே வளர்ந்தது.

ஏன் இப்படி? விடைக்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பாஸ்டர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 1897-ல், ஜெர்மன் வேதியியலாளர் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். சாறு கெடாமலிருக்கச் சர்க்கரை சேர்த்தார். சாறு குமிழிவிட ஆரம்பித்தது. உயிருள்ள செல் இல்லாமலே, அதன் நொதிகளே வேலையை முடித்தன. லீபிக் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது.

பிறகு உயிர்வேதியியலாளர் ஓட்டோ மேயர்ஹோஃப் ஈஸ்ட்டுக்குப் பதிலாகத் தவளைத் தசையை எடுத்துக்கொண்டார். ஆக்சிஜன் இல்லாதபோது அதில் லாக்டிக் அமிலம் சேர்ந்தது. ஆக்சிஜன் கிடைத்ததும் குறைந்தது. பீகோவின் தொட்டியைக் கெடுத்த அதே அமிலம்! 1937-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ், ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கும் புறாவின் மார்புத் தசையைக் கொண்டு, செல் தன் உணவை முழுதாக எரிக்கும் சுழற்சியைக் கண்டறிந்தார்.

கணக்கு இதுதான். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முதலில் இரண்டாக உடைகிறது. செல்லுக்கு லாபம், அதன் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் 2. அப்போது வெளிவரும் எலெக்ட்ரான்களை யாராவது வாங்கிக்கொள்ளாவிட்டால் வேலை நின்றுவிடும். ஆக்சிஜன் இருந்தால் கடைசியில் அதுவே வாங்கிக்கொண்டு நீராகிறது. மொத்த லாபம் ஏறக்குறைய 30 ஏடிபி ஆகிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் உடைந்த துண்டுகளின் மேலேயே எலெக்ட்ரான்கள் ஏறுகின்றன. அதனால் ஈஸ்ட்டில் சாராயமும், தசையில் லாக்டிக் அமிலமும் மிஞ்சுகின்றன. சர்க்கரையின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த மிச்சத்திலேயே தங்கிவிடுகிறது. சாராயம் தீப்பற்றி எரிவது அதனால்தான். ஈஸ்ட் எடுக்க முடியாமல் விட்ட ஆற்றலைத்தான் பீகோ வடித்து விற்றுக்கொண்டிருந்தார்.

இன்றைய ஆலைகளும் இதே கணக்கில்தான் நடக்கின்றன. ரொட்டிக்கான ஈஸ்ட் தயாரிப்பவர்கள் தொட்டிக்குள் இடைவிடாமல் காற்றைச் செலுத்துகிறார்கள். சர்க்கரைப்பாகை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகவே விடுகிறார்கள், ஏனென்றால் சர்க்கரை மிகுந்தால் காற்று இருந்தாலும் ஈஸ்ட் சாராயம் காய்ச்சத் தொடங்கிவிடும். வடிசாலைக்காரர்கள் ஈஸ்ட் பெருகும்வரை மட்டும் காற்று தந்து, பிறகு நிறுத்திவிடுகிறார்கள்.