இஷியின் வில்: மானின் தசைநார் காத்த ஒரு கைத்தொழில்

மரத்தால் செய்த வில்லின் முதுகில் மானின் தசைநாரை ஒட்டி அதற்கு வலுவூட்டும் வழக்கம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த பூர்வகுடிகள் பலரிடம் இருந்தது. பரம்பரையாகக் கையிலிருந்து கைக்கு மாறிய தொழில் இது. இதன் செய்முறையை எழுத்தில் தேடிப்போன நான் வந்து சேர்ந்த இடம், தன் இனத்தில் தனியொருவராக எஞ்சிய ஒரு மனிதரின் வாழ்க்கை. உலகம் அவரை இஷி என்று அழைக்கிறது.

இஷி யாஹி இனத்தைச் சேர்ந்தவர். கலிபோர்னியாவின் வடக்கே, லாசன் மலையின் அடிவாரத்தில் மில் கிறீக், டியர் கிறீக் என்ற ஓடைகளை அண்டி வாழ்ந்த சிறிய இனம் அது. 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டபின் குடியேறிகள் வந்து குவிந்தார்கள். அப்போது சுமார் 150,000 ஆக இருந்த கலிபோர்னியப் பூர்வகுடிகளின் தொகை, 1870 அளவில் சுமார் 30,000 ஆகச் சுருங்கியது. நோயும் பசியும் மட்டுமல்ல, திட்டமிட்ட கொலைகளும் அதற்குக் காரணம். 1860களில் நடந்த தொடர் படுகொலைகளில் யாஹி மக்கள் ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டனர். தப்பிய சிலர் பள்ளத்தாக்குகளுக்குள் பதுங்கி நாற்பது ஆண்டுகள் வரை வாழ்ந்தார்கள். அந்த வாழ்வில் வில் வெறும் வேட்டைக் கருவி அல்ல. துப்பாக்கிச் சத்தம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். வில்லுக்குச் சத்தம் இல்லை.

1908இல் நில அளவையாளர் குழுவொன்று அவர்களுடைய கடைசி மறைவிடத்தைக் கண்டது. வில், அம்பு, கூடை, போர்வை என அங்கிருந்தவற்றை எடுத்துச் சென்றது. இஷியின் குடும்பம் சிதறியது. 1911 ஓகஸ்டில், ஒரோவில் என்ற ஊரிலிருந்த இறைச்சிக் கொட்டில் ஒன்றின் அருகே, பசியால் மெலிந்த நிலையில் அவர் தனியாக வந்து நின்றார். அவருக்கு அப்போது ஐம்பது வயதளவில் இருக்கும். தன் பெயரைத் தானே சொல்வது அவர் மக்களின் வழக்கம் அல்ல. பெயரைச் சொல்லித் தர வேறு யாரும் உயிரோடு இல்லை. மானிடவியலாளர் அல்பிரட் குரோபர் வைத்த பெயர்தான் இஷி. அவர்களுடைய மொழியில் அதற்கு 'மனிதன்' என்பது பொருள்.

சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் அவர் தங்கவைக்கப்பட்டார். பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கு சத்திரசிகிச்சை கற்பித்த வைத்தியர் சக்ஸ்டன் போப், இஷிக்கு நோய் வந்தபோது பார்த்தவர், பின் நண்பரானவர். இஷியிடம் வில்லும் அம்பும் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டு, பார்த்ததை அளந்து எழுதி வைத்தார்.

ஏன் தசைநார்?

வில்லை வளைக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கும் பக்கம் இழுபடுகிறது. அதை வில்லின் முதுகு என்பார்கள். எய்பவரை நோக்கிய பக்கம் நெருக்கப்படுகிறது, அது வயிறு. பெரும்பாலான வில்கள் முதுகுப் பக்கம்தான் பிளந்து முறிகின்றன. மரம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு நீண்டாலே முறியும் கட்டத்துக்கு வந்துவிடும். தசைநார் அதைப்போலப் பல மடங்கு நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு மீளும். ஆகவே இழுவிசையை நாரும் நெருக்கத்தை மரமும் பங்குபோட்டுக் கொள்கின்றன.

இன்னொரு நன்மையும் உண்டு. ஈரமாக ஒட்டிய நார் காயும்போது சுருங்கி, வில்லின் இரு நுனிகளையும் முதுகுப் பக்கமாக இழுக்கும். நாண் பூட்டுமுன்பே வில்லுக்குள் விசை சேர்ந்துவிடுகிறது. நீண்ட வில்லுக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை. நார் பாரமானது, எனவே நீண்ட கைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். பற்றைக்குள் பதுங்கி எய்யும் குட்டை வில்லுக்கே இது பொருந்தும்.

இஷி செய்த விதம்

இஷியின் வில் சுமார் 42 அங்குல நீளம். அளவுநாடா இல்லாமல், பக்கவாட்டில் நீட்டிய கையின் நுனியிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை அளந்துகொள்வார். அவர் விரும்பிய மரம் மலை ஜூனிப்பர். மாதக்கணக்காக, சிலவேளை வருடக்கணக்காக நிழலில் உலர வைத்த மரத்தைக் கைப்பிடியில் ஒடுக்கமாகவும் இரு கைகளின் நடுவில் அகலமாகவும் செதுக்குவார். மரத்தின் வெளிப்பக்கமே வில்லின் முதுகாக வரும்.

முதலில் முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவார். சல்மன் மீனின் தோலைக் கொதிக்கவைத்து எடுத்த பசையை அதில் பூசிக் காயவிடுவார். மானின் காலில் இருந்து எடுத்த தசைநாரை வாயில் இட்டு மென்று, இழை இழையாகப் பிரிப்பார். மெல்லும்போது நார் இளகி, ஒட்டும் தன்மையும் பெறும். பிறகு அந்த இழைகளை நீளவாட்டில், ஒன்றின் நுனி மற்றொன்றின்மேல் ஏறும்படி தடிப்பாக அடுக்குவார். நாண் மாட்டும் நுனிகளில் மரத்தை முழுதாகச் சுற்றி மூடுவார். வில்லோ மரப்பட்டையைக் கீற்றாக உரித்து, காயங்கட்டுவதுபோல் எல்லாவற்றையும் இறுக்கிச் சுற்றிவிடுவார். சில நாள்களின் பின் கட்டை அவிழ்த்து, விளிம்பைச் சீர்செய்து, மேலும் பசை பூசி, மணற்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார். கடைசியாகக் கைப்பிடிக்கு மான்தோல் வார் சுற்றப்படும். இப்படிச் செய்த வில்லை முழுதாக இழுக்க ஏறத்தாழ 40 இறாத்தல் விசை வேண்டும்.

இன்று செய்வோர் கவனிக்க வேண்டியவை

போப் எழுதியதை வைத்தும், நான் வாழும் கனடாவில் வில் செய்பவர்களிடம் கேட்டறிந்தும் நானும் ஒரு வில்லுக்கு நார் ஒட்டியிருக்கிறேன். கைக்குப் புலப்பட்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

நார்: மானின் பின்னங்கால் நார் குட்டையானது, முதுகு நார் நீளமானது. இரண்டும் உதவும். நன்கு காயவைத்து, மரச்சுத்தியலால் தட்டினால் வெள்ளை இழைகளாகப் பிரியும். ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டி அகற்ற வேண்டும். கொழுப்பு இருந்தால் பசை பிடிக்காது.

பசை: தச்சர்கள் அறிந்த வச்சிரம்போல, விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசையே ஏற்றது. தசைநாரும் இந்தப் பசையும் கொலாஜன் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. அதனால் இரண்டும் காய்ந்ததும் ஒரே பொருள்போல இறுகிவிடும். கரைத்த பசையைச் சுமார் 60 பாகை சென்ரிகிரேட் சூட்டில் வைத்திருந்தால் போதும். மீண்டும் கொதிக்கவிட்டால் அதன் வலு குறையும்.

ஒட்டுதல்: இழைகளை இளஞ்சூட்டு நீரில் நனைத்து, பசையில் தோய்த்து, இரு விரலுக்கிடையே மிகுதியை வழித்துவிட்டு, சீப்பால் வாரியதுபோல நேராகப் படுக்கவைக்க வேண்டும். செங்கல் சுவரில் ஒரு வரியின் பொருத்து அடுத்த வரியின் பொருத்துக்கு நேராக வராததுபோல, நார்களின் நுனிகளும் ஒரே இடத்தில் சேரக்கூடாது.

உலர்த்தல்: இதில்தான் பொறுமை தேவை. ஒரு படை இறுகியபின்பே அடுத்ததை ஒட்டலாம். முடிந்தபின் வாரக்கணக்காக, தடிப்பாக இருந்தால் மாதக்கணக்காகக் காயவேண்டும். துருக்கியரின் கொம்பும் நாரும் சேர்த்த வில்கள் ஒரு வருடம் வரைகூட உலர்த்தப்பட்டன. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் வில்லை வளைத்தால் நார் பெயர்ந்துவிடும்.

பாதுகாப்பு: ஈரமே இதன் எதிரி. இஷி தன் வில்லை மலைச்சிங்கத்தின் வால் தோலில் செய்த உறையில் வைத்திருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்தபோது அரக்கு மெருகும் பூசினார். நாணைக் கழற்றாமல் விடமாட்டார். வில்லைச் சாய்த்து நிற்கவைத்தால் அது ஓயாமல் வேலை செய்து களைத்துப் போகும், படுக்கத்தான் வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எஞ்சியது எது?

இஷி 1916 மார்ச் 25ஆம் திகதி காசநோயால் இறந்தார். இரண்டு ஆண்டுகளின் பின், 1918இல், யாஹி மக்களின் வில்வித்தை பற்றிய போப்பின் ஆய்வு வெளிவந்தது. மேலே சொன்ன செய்முறையை நாம் அறிவது அதனால்தான்.

அதே காலத்தின் மற்றொரு முகத்தையும் மறைக்கக்கூடாது. இஷியின் உடல் அறுக்கப்பட வேண்டாமென்று குரோபர் கேட்டிருந்தார். ஆயினும் அது அறுக்கப்பட்டது. மூளை தனியே எடுக்கப்பட்டு வோஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. பூர்வகுடி மக்களின் விடாத கோரிக்கைக்குப் பின், 2000ஆம் ஆண்டில்தான் அது உறவு இனத்தவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2019இல் கலிபோர்னிய ஆளுநர், பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார்.

ஒரு இனத்தின் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது ஒன்று. அவற்றைச் செய்த கையின் அறிவைக் காப்பது வேறு. 1908இல் மறைவிடத்திலிருந்து எடுத்துப்போன வில்கள் எந்த மரத்தில், எந்தப் பசையால் ஆனவை என்று யாருக்கும் சொல்லித் தரவில்லை. இஷி உட்கார்ந்து ஒன்றைச் செய்ய, பக்கத்தில் ஒருவர் பார்த்து எழுதியபோதுதான் அது தெரிந்தது.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டோடு தொழிற்கருவிகளையும் விட்டுவந்தவர்கள் நம்மில் ஏராளம். தோணி கட்டியவர்களும் மேளத்துக்குத் தோல் பூட்டியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். போப் கவனித்து எழுதியவற்றை அவர்களிடமும் கேட்கலாம்: எந்த மரம், எப்போது வெட்டுவது, எத்தனை நாள் காயவைப்பது, எதைக் கொண்டு அளப்பது, சரியாக வந்துவிட்டதென்று கைக்கு எப்படித் தெரியும். வாயால் சொல்லும்போது விடுபடுபவை செய்யும்போது வெளிவரும். அதனால் செய்து காட்டச் சொல்லி, பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ளுங்கள்.