மின்சாரத்திற்கு ஒருவழி வாயில்

கல்வராயன் மலையிலே பிறக்கும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையத்தின் அருகே அணையில் தேங்கி நின்று, பிறகு கள்ளக்குறிச்சிப் பகுதியின் வயல்களை நோக்கிச் செல்கிறது. ஆறு எப்போதும் ஒரே திசையில் இறங்குவதால்தான் அதை நாம் தேக்க முடிகிறது. ஒரு நொடி கீழ்நோக்கியும் மறுநொடி மேல்நோக்கியும் ஓடுகின்ற ஆறு ஒன்று இருக்குமானால், அந்த நீரைக் கொண்டு ஏரியை நிரப்ப யாரால் முடியும்? நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரம் அத்தகைய விசித்திர ஆறு. நொடிக்கு 50 முறை அது முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. இதனை மாறுதிசை மின்னோட்டம் என்கிறோம். பேட்டரியோ ஒரே திசையில் வரும் மின்சாரத்தைத்தான் ஏற்கும். ஊசலாடும் மின்சாரத்தை ஒருவழியாக்கிப் பேட்டரிக்கு ஊட்டுவதற்கு மனிதன் ஏறக்குறைய 60 ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறான். அந்தப் பாட்டின் பயனை இன்று ஒரு கல்லூரி மாணவன் நான்கு சிறிய உறுப்புகளைப் பற்றவைத்து ஒரே மாலையில் அடைந்துவிடுகிறான்.

ஈயத்தகடுகளைக் கந்தக அமிலத்தில் நிறுத்தி, மீண்டும் மீண்டும் மின்னூட்டக்கூடிய சேமக்கலத்தை 1859-ஆம் ஆண்டில் செய்துகாட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் பிளான்டே. மின்சாரத்தை எடுக்க எடுக்க இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தினால் தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. அமிலமும் வலிமை பெறுகிறது. இந்த எதிர்ச்செலவு இடையறாமல் ஒரே திசையில் நடைபெற வேண்டும். மாறுதிசை மின்சாரத்தை நேராக இணைத்தால், முதற்பாதி கட்டியதை மறுபாதி இடித்துவிடும்.

தொடக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. சென்னையில் 1895-ஆம் ஆண்டில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியபோது, அதனை இழுத்தது நேர்திசை மின்சாரமே. அத்தகைய மின்சாரம் கிடைத்த நகரங்களில், சில பல்புகளை வரிசையாக இணைத்துப் பேட்டரியை நடுவில் வைத்தால் போதும், அது நிரம்பிவிடும். ஆனால் நேர்திசை மின்சாரத்தின் அழுத்தத்தை உயர்த்தித் தொலைதூரம் அனுப்பும் எளிய வழி அந்நாளில் இல்லை. மாறுதிசை மின்சாரத்திற்கோ மின்மாற்றி என்னும் துணை உண்டு. ஆகவே 1932-ஆம் ஆண்டில் பைக்காராவிலும் 1937-ஆம் ஆண்டில் மேட்டூரிலும் பிறந்த நீர்மின்சாரமும், 1962-ஆம் ஆண்டில் நெய்வேலி நிலக்கரியிலிருந்து பிறந்த அனல்மின்சாரமும் மாறுதிசையாகவே ஊர்களுக்குச் சென்றன. சிற்றூருக்கு ஒளி கொடுத்த மின்சாரம், பேட்டரி அருந்தமுடியாத மின்சாரமாக அமைந்தது.

இதனிடையே வானொலி வந்தது. 1924-ஆம் ஆண்டில் கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி ஒலிபரப்பியது. பிறகு சென்னை மாநகராட்சி 1930-ஆம் ஆண்டில் அப்பணியை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. ஒலி காற்றில் எங்கும் பரவியது. அதைக் கேட்கும் பெட்டிக்கு மட்டும் மின்சாரம் வேண்டியிருந்தது. மின்கம்பி எட்டாத ஊர்களில் பேட்டரியே கதி. அக்காலத்து வால்வுப் பெட்டிகள் பலவற்றிற்கு இருவகைப் பேட்டரிகள் தேவை. வால்வின் இழையைச் சூடேற்ற 2 வோல்ட் சேமக்கலம் ஒன்று. உயர் அழுத்தத்திற்கு 90 வோல்ட் அளவுள்ள உலர்பேட்டரி ஒன்று. உலர்பேட்டரி தீர்ந்தால் எறிந்துவிடலாம். சேமக்கலத்தை அடிக்கடி நகரத்திற்குத் தூக்கிச் சென்று ‘சார்ஜ் போட்டு’ வரவேண்டும்.

அந்தப் பயணத்தைச் சற்று எண்ணிப்பாருங்கள். கண்ணாடிக் குடுவைக்குள் அமிலம் தளும்புகிறது. சிந்தினால் வேட்டி பொத்தலாகும். கடையில் பிறருடைய கலங்களோடு வரிசையில் வைத்துவிட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ சென்று வாங்கவேண்டும். அதுவரையில் ஊர் வானொலி ஊமை. 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இரவு, காந்தியடிகள் மறைந்த துயரச் செய்தியை நேரு வானொலியில் நாட்டுக்குச் சொன்னார். கம்பி எட்டாத ஓர் ஊருக்கு அந்தக் குரல் அன்றிரவே எட்டிற்றா, நாளேடு வந்தபின் செய்தி தெரிந்ததா என்பதைத் தீர்மானித்தது ஒரு சேமக்கலத்தில் எஞ்சியிருந்த உயிரே!

கடைக்காரர் முழுமையாக மின்னூட்டினாரா என்பதும் வாங்குவோருக்கு எளிதில் விளங்காது. அரைகுறையாக ஊட்டிய கலமும் எடுத்த சிறிதுநேரத்திற்கு வோல்ட் அளவியில் நிறைவாகவே காட்டும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியே உண்மையைச் சொல்லும். நிரம்பிய கலத்தில் 1.25 முதல் 1.28 வரை இருக்கும் அந்த எண், தீர்ந்த கலத்தில் 1.12 அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் கருவி கடையில் இருந்தது; பேட்டரியைச் சுமந்துவந்தவரிடம் இல்லை.

நகரத்தில் மாறுதிசை மின்சாரம் மட்டுமே இருந்தால் கடைக்காரர்தாம் என்ன செய்வார்? இங்கேதான் நம் கதையின் நாயகன் வருகிறான். ஏரி மதகருகே மீன் பிடிப்போர் வைக்கும் பறியை நீங்கள் பார்த்திருக்கலாம். மூங்கிற் சிம்புகளால் பின்னிய அந்தக் கூட்டுக்குள் மீன் நுழையும், திரும்ப வெளிவராது. மின்சாரத்திற்கும் அப்படி ஒரு பறி வேண்டும். அதற்குத் திருத்தி என்று பெயர்.

போலந்து நாட்டவரான கரோல் போலக், தாமே சேமக்கலங்கள் செய்து விற்றவர். 1895-ஆம் ஆண்டையொட்டி அவர் ஓர் எளிய உண்மையைப் பயன்படுத்திக்கொண்டார். உப்புக்கரைசலில் நிற்கும் அலுமினியத் தகட்டின்மீது மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படிகிறது. அது மின்சாரத்தைக் கரைசலிலிருந்து அலுமினியத்திற்குள் விடுகிறது, எதிர்த்திசையில் தடுக்கிறது. இதிலிருந்து பிறந்ததே குடுவைத் திருத்தி. 1920-களில் மேல்நாட்டு வானொலி ஆர்வலர்கள் இதனைச் சமையலறையிலேயே செய்துகொண்டார்கள். பழப்பாகு வந்த கண்ணாடிக் குடுவை, வெண்காரம் கரைத்த நீர், ஓர் ஈயத்தகடு, ஓர் அலுமினியத் துண்டு ஆகியவை போதுமானவை. வீட்டிலே செய்த பேட்டரி சார்ஜர் என்ற பெயருக்கு முதலுரிமை இந்தக் குடுவைகளுக்கே உண்டு என்பது என் எண்ணம். அவற்றின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கரைசல் சூடேறும், சூடேறினால் பறியில் ஓட்டை விழுந்தாற்போல மின்சாரம் திரும்பிப்போகும். ஊட்டிய மின்சாரத்தில் பெரும்பங்கு நீரைச் சூடாக்குவதிலேயே வீணாகும்.

பிறகு பாதரச ஆவித் திருத்தியும், ஆர்கான் வாயு நிரப்பிய டங்கர் பல்பும் வந்தன. அவை பெருங்கடைகளின் கருவிகள். அவற்றைத் தொடர்ந்து 1920-களில் செம்பு ஆக்சைடுத் தகடுகளும், 1930-களில் செலீனியம் தகடுகளும் வந்தபோது திருத்தி திடப்பொருளாயிற்று. உடைய பல்பும் இல்லை, சிந்த நீரும் இல்லை. செலீனியம் தகடு எரிந்துபோனால் எழும் நாற்றத்தைப் பழைய வானொலி மெக்கானிக்குகள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

திடப்பொருளுக்குள் ஒருவழி வாயில் இருக்கக்கூடும் என்ற செய்தி புதியதன்று. 1874-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியரான பிரவுன், கலீனா போன்ற கனிமப் படிகங்களில் ஊசிமுனையை வைத்தால் மின்சாரம் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் அரிதாகவும் செல்வதைக் கண்டார். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் கலீனாப் படிகத்தையே கொண்டு மின்னலைகளை உணரும் கருவி அமைத்து, 1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904-ஆம் ஆண்டில் அது கிடைத்தது. கலீனா என்பது ஈயமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சேமக்கலத்தினுள்ளே இருப்பவையும் ஈயமும் கந்தக அமிலமும்தாமே! பேட்டரியே இல்லாமல் ஒலித்த பழைய படிக வானொலியின் உயிர்நாடியும் இந்தப் படிகந்தான். ஆனால் அதன் ஊசிமுனை நூலளவு மின்சாரத்தையே தாங்கியது. 1940-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் ரசல் ஓல் சிலிக்கனில் இருவகைப் பகுதிகள் கூடும் சந்தி ஒன்றைக் கண்டறிந்தார்; 1950-களில் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சிலிக்கன் டையோடுகள் சந்தைக்கு வந்தன. மணலிலிருந்து எடுத்த பொருளே இறுதியில் நல்ல பறியாயிற்று.

இனி மாணவர்கள் செய்துபார்க்கும் கருவிக்கு வருவோம். 230 வோல்ட்டை 15 வோல்ட்டாகக் குறைக்கும் 2 ஆம்பியர் மின்மாற்றி ஒன்று. ‘1 என் 5408’ என்று பொறிக்கப்பெற்ற, 3 ஆம்பியர் தாங்கும் டையோடுகள் நான்கு. 12 வோல்ட், 21 வாட் வண்டிப் பல்பு ஒன்று. உருகு கம்பி ஒன்று. நான்கு டையோடுகளையும் சதுரமாக இணைத்தால், அலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்சாரம் ஒரே வாசல் வழியாக வெளிவரும். இந்த அமைப்பைப் போலக் முதலிலும், 1897-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கிரெட்ஸ் தனியேயும் கண்டனர். பெயர் கிரெட்சுக்கே நிலைத்துவிட்டது. 15 வோல்ட் அலையின் உச்சி ஏறக்குறைய 21 வோல்ட், டையோடுகள் 1.4 வோல்ட்டைத் தமக்கென எடுத்துக்கொள்ளும். அலை பேட்டரியின் அழுத்தத்தைவிட உயர்ந்து நிற்கும் கணங்களில் மட்டும் மின்சாரம் உள்ளே பாயும்.

பல்பு எதற்கு என்று கேட்பீர்கள். பேட்டரி மிகவும் தீர்ந்திருந்தாலோ, கம்பிகள் தவறித் தொட்டுக்கொண்டாலோ, மின்னோட்டம் பெருகும். பெருகினால் பல்பின் இழை சூடேறித் தன் தடையை உயர்த்திக்கொண்டு மின்னோட்டத்தை அடக்கும். பேட்டரி நிரம்ப நிரம்ப ஒளி மங்கும். காவலனும் அதுவே, கணக்கனும் அதுவே. டிராம் காலத்துப் பல்பு வரிசை இன்னும் ஒற்றைப் பல்பாக நம்மிடையே வாழ்கிறது.

ஆனால் இந்தக் கருவி தானாக நிற்காது. 12 வோல்ட் ஈயப் பேட்டரி 14.4 வோல்ட் அளவை எட்டியதும் கையால் நிறுத்தவேண்டும். இல்லையேல் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். காற்றோட்டமான இடத்திலே, ஆசிரியரின் முன்னிலையிலே செய்யுங்கள். 230 வோல்ட் பக்கத்தில் வெறுங்கம்பி தெரியவே கூடாது. கைப்பேசியின் லித்தியம் பேட்டரியை இதனோடு இணைக்க ஒருபோதும் முயலாதீர்கள். அதன் இயல்பு வேறு.

மின்கம்பி வந்துவிட்டதால் பேட்டரியின் தேவை ஒழியவில்லை. திருவிழாவில் பாடிய மைக்செட்டும், பேருந்தும், டிராக்டரும் அதனை நம்பியே இருந்தன. 2008-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டைக் கடுமையான மின்வெட்டு வாட்டியபோது வீடுதோறும் வந்த இன்வெர்ட்டர் பெட்டிக்குள்ளும் இந்தத் திருத்தியே இருந்தது. ஈயக்கலத்தின் நுட்பங்களை ஆராயக் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், 1953-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பெற்றுவிட்டது.

மலைமேல் வரலாறு சற்றுத் தாமதமாகவே நடந்தது. கல்வராயன் மலை 1976-ஆம் ஆண்டுவரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பிறகே அரசின் நேரடி நிர்வாகம் வந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கம்பத்தை நட்டுக் கம்பியிழுப்பது எளிய வேலையன்று. இத்தகைய இடங்களுக்கு ஏற்றது சூரியத்தகடு. அதுவும் சிலிக்கனே. அதிலிருந்து வரும் மின்சாரம் பிறவியிலேயே ஒரே திசையுடையது. அதனை நேராக்க நான்கு டையோடுகள் தேவையில்லை. எனினும் இரவில் தகடு உறங்கும்போது, பகலெல்லாம் சேர்த்த மின்சாரம் பேட்டரியிலிருந்து தகட்டிற்கே திரும்பிக் கசிந்துவிடும். அதைத் தடுக்கத் தகட்டிற்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரே ஒரு டையோடை வைப்பதுண்டு.