மங்கல நாணும் உபகாரச் சம்பளமும்

பாலக்காட்டுக் கல்பாத்தி என்றவுடன், ஐப்பசித் தேரும், ஆற்றங்கரை விசுவநாதசுவாமி ஆலயமும், சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகாரத்து வீடுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வீடுகளுக்கு மற்றொரு சரித்திரமும் உண்டு. சென்ற நூற்றாண்டில் அவ்வூரார் பலர் சென்னை, பம்பாய், தில்லி என்று உத்தியோகம் தேடிச் சென்றனர். நிலத்து நெல்லின் இடத்தை மாதந்தோறும் வரும் உபகாரச் சம்பளம் பிடித்துக்கொண்டது.

அத்தகைய இல்லத்தில் பார்வையற்ற மகளோ, நடக்கவியலாத மகனோ இருப்பின், பெற்றோருக்குப் பின் துணை யாது? திருமணம் நிகழ்ந்தால் அத்துணை நிற்குமா, நீங்குமா?

இக்கேள்வி புதியதன்று. குருடர், முடவர், தீராப் பிணியாளர் முதலியோருக்குக் குடும்பச் சொத்தில் பங்கில்லை. ஆயினும் அவர்களுக்குச் சோறும் துணியும் அளித்துக் காத்தல் கடமை என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி விதித்தது. அவர்கள் மணம் புரிவதை அந்நூல் தடுக்கவில்லை. குறையற்ற புதல்வர் பங்கு பெறுவர். புதல்வியரை மணமாகும் வரை காக்க வேண்டும். மகப்பேறில்லாத நல்லொழுக்க மனைவியரையும் காக்க வேண்டும் என்றது. உரிமை மறுக்கப்பட்டது, பராமரிப்போ மணத்தால் அறுபடவில்லை.

1928-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பங்குத் தடையைப் பெரிதும் அகற்றியது. பிறவியிலேயே சித்தம் பேதலித்தோர் மட்டும் அப்போது விலக்கப்பட்டனர். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், நோயோ குறையோ வாரிசுரிமைக்குத் தடையன்று என்று தெளிவாக உரைத்தது.

சொத்தில் தீர்ந்த வழக்கு, உபகாரச் சம்பளத்தில் தீரவில்லை. மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964-இல் தோன்றியது. பிழைப்புக்குப் பொருளீட்ட இயலாத உடற்குறையுள்ள மக்களுக்கு ஆயுள் முழுவதும் உதவி உண்டு என்று பின்னர் விதி அமைந்தது. ஆனால் மணம் முடிந்தால் அவ்வுதவி நின்றது. மணந்தவர் வேறொருவர் பொறுப்பாகிவிட்டார் என்பது விதி வகுத்தோரின் எண்ணம் போலும்! மங்கல நாண் ஏறியதால் கண்ணொளி திரும்புவதுண்டோ? ஊன்றுகோலைத்தான் எறிந்துவிடலாகுமோ? மணமா, மாதப் பணமா என்று ஒரு மகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நீதியாகாது.

2012-ஆம் ஆண்டில் இவ்விதி திருத்தப்பெற்றது. மணத்துக்குப் பின்னும் அத்தகையோருக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடரும் என்று 2013 ஜனவரியில் விளக்க ஆணையும் பிறந்தது. 2021-இல் வருமான வரம்பும் தளர்த்தப்பட்டது.

செல்வம் மிக்க அமெரிக்காவிலோ சிக்கல் இன்னும் அவிழவில்லை. பெற்றோரின் கணக்கில் உதவி பெறும் உடற்குறையுள்ள மகவு மணம் புரிந்தால், பொதுவாக அவ்வுதவியை இழக்க நேர்கிறது. 1974-இல் நடைமுறைக்கு வந்த வறியோர் உதவித் திட்டத்திலும், தகுதியுள்ள தம்பதியர்க்கு உரிய உச்சத்தொகை ஒருவர் தொகையின் ஒன்றரை மடங்கே, இரு மடங்கன்று.

நாம் கூறியது மத்திய அரசின் விதி. மாநிலங்களுக்கும் பிற நிறுவனங்களுக்கும் தனித்தனி விதிகள் உள. ஆகவே, ஓய்வு பெற்றோர் தாம் வாழும் நாளிலேயே அத்தகைய மகவின் பெயரை உரிய அலுவலகத்தில் பதிவு செய்து, மருத்துவச் சான்றையும் பத்திரப்படுத்துதல் நன்று. முகூர்த்தம் குறிக்கும் முன் விதியையும் ஒருமுறை கேட்டறிதல் வேண்டும். விதியை அறியாததால் ஒரு திருமணம் நின்றுபோதல் ஆகாது.