வீணை கேட்ட காசித்தும்பை

1929இல் சிதம்பரத்தில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சங்கீதக் கல்லூரியையும் விஞ்ஞானக் கூடங்களையும் ஒரே வளாகத்தில் அண்டை வீட்டாராகக் குடிவைத்திருந்தது. தோட்டக்கலைச் சரித்திரத்தின் விநோதமான அத்தியாயமொன்று அங்கே எழுதப்பட்டதற்கு அந்த அண்மையும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம்.

அங்குத் தாவரவியல் துறைத் தலைவராயிருந்த டி. சி. என். சிங், 1950ஆம் ஆண்டு வாக்கில், குளத்தில் வளரும் ஹைட்ரில்லாச் செடியின் உயிரணுக்களுக்குள் ஓடும் ஜீவரசத்தை நுண்ணோக்கியால் ஆராய்ந்து வந்தார். காலை 6 மணிக்கு முன் அரைமணி நேரம் மின்சார இசைக்கவையின் நாதத்தை அருகே எழுப்பினால், பொழுது நன்கு ஏறிய பின்னரே காணப்படும் வேகத்தை அவ்வோட்டம் அப்பொழுதே எய்துகிறதென்று அவர் கண்டார். செடிகளின் துடிப்பைக் கருவிகளால் அளந்து காட்டிய ஜகதீச சந்திர போஸின் (1858–1937) நாட்டில் இத்தகைய விசாரணை புதிதன்று. நாதத்தையே ஆய்வுக்கருவியாக்கியதுதான் புதுமை. அடுத்து, காசித்தும்பைச் செடிகளுக்கு நாள்தோறும் 25 நிமிஷம் வீணை வாசிக்கச் செய்தார். வீணை கேளாதவற்றைவிட அவை 72 சதவீதம் மிகுதியான இலைகளும் 20 சதவீதம் மிகுதியான உயரமும் பெற்றன என்பது அவர் கணக்கு. சலங்கையும் பக்கவாத்தியமுமின்றிப் பெண்கள் பரதநாட்டியம் ஆடிய இடத்தில் செண்டுமல்லி முதலியவை இரண்டு வாரம் முந்திப் பூத்தன என்றும் கூறினார்.

பின்னர், 1960 முதல் 1963 வரை, சென்னை ராஜ்யத்திலும் புதுச்சேரியிலுமாக ஏழு கிராமங்களின் நெல்வயல்களில் சாருகேசி ராகம் ஒலிபெருக்கி வழியே முழங்கியது. வட்டாரச் சராசரியினும் 25 முதல் 60 சதவீதம் கூடுதலாக விளைந்ததென அறிவிக்கப்பட்டது. பரீட்சையின் பலவீனமும் இங்கேதான் வெளிப்படுகிறது. சராசரியென்பது நன்செய்க்குரிய நல்ல மண்ணும் உவர்மண்ணும், உழைப்பாளியின் வயலும் அசட்டையாளன் வயலும் ஒன்றாய்க் கலந்த எண். அதே மண்ணும் விதையும் எருவும் நீரும் பெற்று, ராகம் ஒன்றை மட்டும் பெறாத பக்கத்து வயலே நியாயமான சாட்சி. ஆதலால் அம்முடிவுகளைத் தாவர சாஸ்திரம் நிலைநாட்டப்பட்ட உண்மையாகக் கொள்ளவில்லை.

ஆயினும், இளையோர்க்குத் தோட்டக்கலையைப் புகட்ட இதனினும் சுவையான வாயில் அரிது. நெல் விளைந்த நிலங்களில் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்துள்ள ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பள்ளிகளில், காசித்தும்பையைச் சில தொட்டிகளில் விதைத்து, மண்ணும் நீரும் வெயிலும் ஒரே அளவாய் அளித்து, சிலவற்றிற்கு வீணையும், சிலவற்றிற்கு இயந்திர ஓசையும், சிலவற்றிற்கு மௌனமும் வழங்கி, வாரந்தோறும் அளந்தெழுதும்படி ஆசிரியர்கள் மாணவரைத் தூண்ட வேண்டும். செலவு சொற்பம், கிடைக்கும் பாடமோ பெரிது.