போஸ்டர்ல யார்ட பெயர் பெரிசு?

கொஞ்ச வருசத்துக்கு முந்தி எங்கட பக்கத்து மைதானம் ஒண்டில இசை நிகழ்ச்சி நடந்திச்சு. பெரிய பைலா பேண்ட் வருதெண்டு கூட்டாளிமார் எல்லாரும் ஒன்பது மணிக்குத்தான் போனோம். போன பிறகுதான் தெரிஞ்சுது, சிறாம்பியடி ஆக்கள் ஆறரைக்கே மன்ஜா பாடி முடிச்சிட்டாங்க எண்டு. அப்ப மைதானத்தில இருந்தது கதிரை அடுக்கின பொடியன்மாரும் கடலை வண்டிக்காரரும்தான். போஸ்டரில் அவங்கட பெயர்கூட இல்லை, 'ஆபிரிக்க நடனம்' எண்டு ஒரு வரி மட்டும்.

ஜாஸ் விழாக்களின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினபோது அந்த ஆறரை மணிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழா 1954இல் தொடங்கியது. கடலோரப் பணக்கார ஊர். முதல் வருடமே பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரல்ட் எண்டு பெரிய பெயர்கள். ஆனா 1960இல் சார்ள்ஸ் மிங்கஸும் மக்ஸ் ரோச்சும் அதே ஊரில் போட்டி விழா ஒன்றை நடத்தினாங்க. விழா வியாபாரமாகிட்டுது, கறுப்பினக் கலைஞருக்குக் கிடைப்பது குறைவு என்பதுதான் அவர்களின் கோபம். 1969இல் ஏற்பாட்டாளர் ஜோர்ஜ் வெய்ன் லெட் ஸெப்பெலின் போன்ற ரொக் குழுக்களையும் சேர்த்தார். இளைஞர் கூட்டம் வேலியை உடைத்தது. 1971இல் மேடைக்கே ஏறிட்டாங்க. அடுத்த வருடம் விழா நியூயோர்க்குக்குப் போய்விட்டது. போஸ்டரில் பெயர் மாறினால் வாசலில் நிக்கிற முகமும் மாறும். அந்த முகங்களுக்கு மைதானம் தயாரா எண்டு யாரும் யோசிக்கேல்ல.

அதே வெய்ன்தான் 1970இல் நியூ ஓர்லியன்ஸ் விழாவையும் தொடக்கினார். இடம் கொங்கோ சதுக்கம். 1817இல் நகர சபை போட்ட சட்டப்படி, அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒன்றுகூடி மேளம் அடித்து ஆடலாம் என்று ஒதுக்கப்பட்ட திடல் அது. முதல் விழாவுக்கு மஹேலியா ஜாக்சனும் டியூக் எலிங்டனும் வந்தாங்க. (எலிங்டன் 1963 சுற்றுப்பயணத்தில் கொழும்பிலும் வாசித்தவர்.) அவ்வளவு பெரிய ஆக்கள் வந்தும் பார்வையாளர் சுமார் 350 பேர்தான். மேடை ஏறினவங்களில் கிட்டத்தட்டப் பாதி! 2001இல் அதே விழாவுக்கு 6 இலட்சத்துக்கும் மேல் ஆக்கள். 2024இல் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தது.

சரி, எங்கட கொங்கோ சதுக்கம் எங்க? எனக்கு யூடியூப்பில நியூ ஓர்லியன்ஸைத் தெரிஞ்சிருந்தது. புத்தளத்திலிருந்து அநுராதபுர ரோட்டில கொஞ்ச தூரம் போனா வாற சிறாம்பியடியைத் தெரியாது. வெட்கமாத்தான் இருக்கு.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் எண்டு மூண்டு ஆட்சிகளும் ஆபிரிக்கர்களை அடிமையாகவும் சிப்பாயாகவும் இலங்கைக்குக் கொண்டு வந்தாங்க. 19ஆம் நூற்றாண்டில் புத்தளத்தில் நிறுத்தப்பட்ட சிப்பாய்களின் வழிவந்தவர்கள்தான் சிறாம்பியடியில் இருக்கிற குடும்பங்கள். சிலர் உப்பளத்திலும் வேலை செய்திருக்காங்க. மூத்தவர்கள் பேசின கிரியோல் போர்த்துக்கேயம் இப்ப பெரும்பாலும் மன்ஜாப் பாட்டில்தான் உயிரோட இருக்கு. வாத்தியம் எண்டா வீட்டுச் சாமான்தான்: போத்தல், கரண்டி, சிரட்டை, கூடவே மேளம்.

ஒன்பது மணிக்கு நாங்கள் ஓடிப்போய்க் கேட்ட பைலா மட்டும் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயப் பாட்டும் ஆபிரிக்கத் தாளமும் கலந்த கப்ரிஞ்ஞாவிலிருந்துதான். பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் பிரபலப்படுத்தினார். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யோட தமிழ்நாடு வரைக்கும் கொண்டு போனார். அப்ப அந்த மைதானத்தில் மூத்தம்மாவை ஆறரைக்குப் பாட விட்டிட்டு, பேரனுக்கு இரவு முழுக்க மேடை குடுத்திருக்கு.

இதுக்கு மாற்று இல்லையெண்டு சொல்ல முடியாது. 2011இல் சேவாலங்காவும் நோர்வேயும் சேர்ந்து நடத்தின யாழ்ப்பாண இசை விழாவில் நாட்டார் கலைக் குழுக்கள்தான் பிரதான நிகழ்ச்சி, இடைவேளை ஐட்டம் இல்லை. கூத்துப் பார்க்க வந்தவர் பக்கத்து மேடையில் வேற நாட்டு இசையையும் கேட்டார். பெரிய பெயரை நம்பாமலும் ஆக்களைக் கூட்டலாம். ஆனா அதுக்கு வெளிநாட்டுக் காசு வேணுமா என்பது என்ட சந்தேகம். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் வாற சனம் எந்தப் பாடகரைப் பார்த்தும் வாறதில்லையே. உடப்பில் கரைவலை இழுக்கிறவங்கட அம்பாப் பாட்டுக்குப் பார்வையாளரே கிடையாது, கயிறு பிடிச்ச எல்லாரும் பாடகர்தான்.

மன்ஜாவை மேடையில் ஏத்துறதிலும் ஒரு சிக்கல் இருக்கு. வரிகள் கொஞ்சம்தான். அதையே திரும்பத் திரும்பப் பாடி, மெதுவாத் தொடங்கி, வேகம் கூடிக்கூடிப் போகும். அந்த ஏற்றத்துக்கு நேரம் வேணும். நான் பார்த்த சில மேடை வீடியோக்களில் பத்து நிமிசம்தான் குடுத்திருக்காங்க. மெதுவான பகுதி ரெண்டே வரியில முடிஞ்சிடுது. அறிவிப்பாளர் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில நிக்கிறார், பாட்டு அப்பத்தான் சூடேறத் தொடங்குது.